ஒரு மொறிஸ் மைனரும் இரண்டு இடப்பக்கத் தகடும்

மார்கழி மழை விட்டிருந்த ஒரு காலை அப்பா காருக்குள் ஏறிக் கதவை இழுத்தார். கதவு வெளியிலேயே நின்றது. அதன் உட்பக்கப் பலகை மட்டும் அவருடைய கையோடு வந்தது. "உக்கிப் போச்சடா" என்று அதை என்னிடம் நீட்டினார். நான்தான் இரவோடு இரவாக உக்க வைத்த மாதிரி ஒரு பார்வை.

கராஜ்களில் டோர் போட் என்பார்கள். மூன்று மில்லிமீற்றர் ஹாட்போட் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), அதன்மேல் றெக்சின், இடையில் விரல் தடிப்பில் பஞ்சு. எங்களுடையது மொறிஸ் மைனர் 1000, இரண்டு கதவு, 1098 சிசி எஞ்சின், ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர். மாமா ஓடிய கார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மல்லாவிப் பக்கம் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்ராட் பண்ணக் காபரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய். பின்னால் வருகிற சைக்கிள்காரர் மூக்கைப் பொத்துவார். 2006 ஆடியில் எஞ்சின் வேலைக்காக வவுனியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஆவணியில் ஏ9 வீதி பூட்டுப்பட்டது. கார் அங்கேயே உறவுக்காரர் வீட்டு மாமரத்தின் கீழ் நின்றுவிட்டது. வன்னிக்குள் நின்றிருந்தால் 2009இல் மற்ற வாகனங்களுக்கு நடந்ததுதான் அதற்கும் நடந்திருக்கும். திரும்பக் கொண்டுவரும்போது கதவுப் பலகையில் கறையான் ஏறியிருந்தது. அப்போதே மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை.

நான் தருமபுரத்தில் வோட்டர் பம்ப் திருத்துகிறவன். மோட்டார் சுற்றுவேன், பேரிங் மாற்றுவேன். உக்கிய பலகைக்குப் பதிலாக அலுமினியத் தகட்டில் நானே ஒரு சோடி செய்த கதை இது. தகட்டு வேலை என் தொழில் இல்லை. இதை வாசிக்கிற, வாகனத் தகடு தட்டுகிற ரிங்கர்மார் சிரிக்கலாம், சிரித்தபடி வாசியுங்கோ.

பலகை எப்படி உக்கியது என்பதை முதலில் பார்த்தேன். பழைய கார் கதவு எதுவும் தண்ணீர் புகாத பெட்டி இல்லை. கண்ணாடி ஏறி இறங்குகிற நீக்கலால் மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியே போவதற்குக் கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். எங்கள் ஒழுங்கையின் கிரவல் புழுதி கதவுக்குள் போய், தண்ணீரோடு சேர்ந்து, செங்கல் மாதிரி இறுகி அந்த ஓட்டைகளை அடைத்திருந்தது. ஸ்குறூ டிரைவரால் குத்தியதும் வலப்பக்கக் கதவிலிருந்து சிவப்புத் தண்ணீர் கொட்டியது, ஒரு செம்பளவு இருக்கும். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. நாலு நாளும் ஹாட்போட் அந்தத் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

ஆகவே முதல் வேலை தகடு இல்லை. இரண்டு கதவின் அடியையும் கம்பிப் பிறஸ்ஸால் தேய்த்து, கறள் மாற்றுகிற திராவகம் பூசி, கறள் தடுப்புப் பெயின்ற் இரண்டு கை அடித்தேன். ஒரு சனி, ஒரு ஞாயிறு போனது. எழுத வேறொன்றும் இல்லை, முதுகு நொந்தது என்பதைத் தவிர.

பிறகுதான் எதால் செய்வது என்ற கேள்வி. திரும்ப ஹாட்போட் போட்டால் ஐந்து மாரி தாங்கும். ஒட்டுப்பலகை அதைவிடக் கூடக் காலம் நிற்கும், தடிப்பும் கூடும். தடித்தால் கண்ணாடி ஏற்றுகிற கைபிடி எட்டாது. கிளிநொச்சியில் அலுமினியம் பிற்றிங் செய்கிற கடையில் பெயர்ப்பலகைக்குப் போடுகிற கூட்டுத் தகட்டைக் காட்டினார்கள். வடிவான சாமான்தான். இரண்டு பக்கமும் தாள் மாதிரி அலுமினியம், நடுவில் பிளாஸ்ரிக். 2017இல் லண்டனில் எரிந்த கிரென்பெல் மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் இருந்ததும் இந்தச் சாதிச் சரக்குத்தான். இருந்து ஓடுகிற காருக்குள் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அலுமினியம் என்ற எண்ணம் வந்தது பஸ்ஸால்தான். முல்லைத்தீவு ஓடுகிற பழைய தனியார் பஸ் ஒன்றில் யன்னலுக்குக் கீழே தகடு அடித்திருந்தார்கள். எத்தனை மழை, எத்தனை மீன் கூடை பார்த்திருக்கும்! சிராய்ப்பு இருந்தது, உக்கல் இல்லை.

நிறை குறையும் என்றும் நினைத்தேன். கணக்குப் பார்த்ததும் அந்த நினைப்பு போனது. அலுமினியம் ஒரு கன சென்ரிமீற்றர் 2.7 கிராம். என் கதவுப் பலகை கிட்டத்தட்ட அரைச் சதுர மீற்றர். 1.2 மில்லிமீற்றர் தகட்டில் வெட்டினால் 1.6 கிலோ வரும். மூன்று மில்லிமீற்றர் ஹாட்போட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோதான். அலுமினியம் போட்டால் கார் பறக்கும் என்று சொல்கிறவர்கள் இரும்பைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறார்கள்.

தகடு வாங்கும்போது ஒரு விஷயம் கேட்க வேண்டும்: மடிக்கிற தகடா, மடிக்காத தகடா? அலுமினியம் எல்லாம் ஒன்றில்லை. 1100, 3003, 5052 என்று நம்பர் உள்ளவை மடிப்புக்கு இசையும். 6061 ரி6 மாதிரி இறுகியவை கூராக மடித்தால் பிளக்கும். எங்கள் ஊர்க் கடையில் நம்பர் கேட்டால் போன் நம்பர் தருவார்கள். ஆகவே ஒரு மூலையை வைஸில் இறுக்கி, மடித்து விரித்துப் பார்த்து வாங்கினேன். நாலடிக்கு நாலடி அரைத் தகடு, ஒரு முகத்தில் நீலப் பிளாஸ்ரிக் உறை ஒட்டியது. இந்த நீல உறையை ஞாபகம் வைத்திருங்கோ. விலை எழுதவில்லை, நாளைக்கு மாறும்.

அச்சுக்கு பிரிட்ஜ் வந்த காட்போட் பெட்டி. உக்கிய பலகையை அப்படியே வைத்து வரையக் கூடாது, அது ஊதி விளிம்பு பெருத்திருக்கும். கதவு இரும்பிலேயே காட்போட்டை வைத்து, ஓட்டைகளுக்கு நேரே பின்னாலிருந்து மாக்கரால் புள்ளி குத்தி எடுத்தேன். மூன்று தரம் வெட்டினேன். மூன்றாவது சரிவந்தது. கண்ணாடிக் கைபிடியின் தண்டும் கதவு திறக்கிற பிடியும் வருகிற இடங்களை மட்டும் காட்போட்டில் பெரிதாக வெட்டி, பிறகு சின்னத் துண்டுகள் ஒட்டி ஒட்டி நடுப் பிடித்தேன். இந்த இரண்டு ஓட்டையும் இரண்டு மில்லிமீற்றர் தள்ளினாலும் கைபிடி தகட்டில் உரசும், ஒவ்வொரு சுற்றுக்கும் கீச்சென்று கத்தும்.

தகட்டில் கோடு போட மாக்கர் பேனாதான். கம்பியால் கீறக் கூடாது. வெட்டுகிற கோடென்றால் கீறலாம், மடிக்கிற கோட்டில் கீறினால் அந்தக் கீறல் வழியேதான் பிளக்கும். இது எனக்கு எப்படித் தெரியும் என்று பிறகு சொல்கிறேன்.

வெட்ட ஜிக்சோ ஒன்றை இரவல் வாங்கினேன். கிறைண்டர் இருக்கிறதே என்று கை அங்கேதான் போகும். வேண்டாம். இரும்புக்கான தேய்ப்புச் சில்லில் அலுமினியம் உருகிப் பசை மாதிரி ஒட்டும், சில்லு சூடேறி வெடிக்கவும் கூடும். ஜிக்சோ அலகும் காய்ந்து ஓடினால் அடைபடும். அதற்கு மருந்து மண்ணெண்ணெய். ஒரு துணியில் நனைத்துக் கோட்டின் மேல் துடைத்துவிட்டு வெட்டினால் அலகு வெண்ணெயில் போகிற மாதிரிப் போகும். வாசம் பட்டதும் அப்பா விறாந்தையில் இருந்து, "கார் திரும்ப மண்ணெண்ணெயில ஓடப் போகுதோ?" என்றார்.

அரத்துக்கும் இதே வியாதி. பல்லுக்குள் அலுமினியம் அடைந்து, அடைந்த துணுக்கு தகட்டில் கோடு கிழிக்கும். முதலே அரத்தில் வெண்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் அடைவது குறைவு. மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து இரண்டு வெண்கட்டி போனது.

வெட்டி முடிய முற்றத்தைப் பார்த்தேன். இரும்பு வெட்டினால் பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தைக் கயிற்றில் கட்டி முற்றம் முழுக்க இழுப்பேன், தூள் எல்லாம் ஏறிவிடும். பழக்கத்தில் இழுத்தேன். ஒன்றும் ஏறவில்லை. அலுமினியத்துக்குக் காந்தம் என்ன செய்யும்! பிள்ளைகள் வெறுங்காலோடு திரிகிற முற்றம். மனைவி ஒன்றும் பேசாமல் ஈரச் சாக்கைக் கொண்டுவந்து கையில் தந்தாள். மண்ணோடு அழுத்தி அழுத்தி எடுத்தேன். அடுத்த தரம் தறப்பாளை விரித்துவிட்டுத்தான் வெட்டினேன்.

இனி விளிம்பு. 1.2 மில்லிமீற்றர் தகட்டின் வெட்டு விளிம்பு கத்திதான். இருக்கிறவரின் தொடைக்கும் இடுப்புக்கும் பக்கத்தில் வருகிற இடம். அரத்தால் ராவினது காணாது. பத்து மில்லிமீற்றரைப் பின்பக்கமாக முழுதாக மடித்துவிட வேண்டும். விளிம்பும் உருண்டையாகும், தகட்டுக்கும் பலம் வரும். ஹாட்போட்டுக்கு இந்தக் கவலை இல்லை. வீட்டில் தகடு வைத்துச் செய்கிறவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

மிஞ்சிய துண்டில் பழகிப் பார்த்தேன். கம்பியால் கோடு கீறி, இரண்டு அங்கிள் அயனுக்கு நடுவில் இறுக்கி, மரச்சுத்தியலால் தட்டி மடித்தேன். 90 பாகை வரை அழகு. அதற்கு மேல் தட்டியதும் டிக் என்றொரு சத்தம். கோட்டின் வழியே மயிர் போல் ஒரு வெடிப்பு, நகத்தால் தடவினால் பிடித்தது. இன்னும் இரண்டு தட்டு, துண்டு கையோடு வந்தது. கீறக் கூடாது என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்த துண்டில் கீறவில்லை. கூடவே தகட்டை இளக்கியும் பார்த்தேன். அலுமினியத்தைச் சூடாக்குவதில் ஒரு கள்ளம் இருக்கிறது: இரும்பு மாதிரிச் சிவந்து காட்டாது. 660 பாகையில் உருகும், அதுவரை முகம் மாறாமல் நின்றுவிட்டுத் தொப்பென்று விழும். இதற்குப் பழைய வழி சவர்க்காரம். மடிக்கிற கோட்டில் சன்லைற் சவர்க்காரத்தைத் தேய்த்து, காஸ் ரோச்சை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். சவர்க்காரம் முதலில் பழுப்பாகும், பிறகு கடும் காப்பி நிறத்துக்கு வரும். கறுக்கும்போது நிறுத்த வேண்டும். ஆறியதும் தகடு ஈயம் மாதிரி இளகி இருந்தது. மடித்தேன், வெடிக்கவில்லை. முழுதும் நசுக்காமல், உள்ளே இன்னொரு தகட்டுத் துண்டை வைத்து அடித்தால் மடிப்பின் வயிறு கொஞ்சம் உருண்டு நிற்கும். அதுதான் நல்லது.

ஞாயிறு முழுக்க இரண்டு தகட்டையும் மடித்தேன். நீல உறை உள்ள முகம்தான் நல்ல முகம், அதுதான் ஆள் பார்க்கிற பக்கமாக வர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். இரண்டையும் உறை கீழே இருக்க வைத்து, விளிம்பை மேல்பக்கம் மடித்தேன். பின்னேரம் இடப்பக்கக் கதவில் பிடித்துப் பார்த்தேன். அச்சொட்டு! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்ததைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் போனேன்.

மூலை மாறி இருந்தது. திருப்பினேன். மூலை சரி, மடிப்பு என் முகத்தைப் பார்த்தது. திரும்பத் திருப்பினேன். தலைகீழாக வைத்தும் பார்த்தேன், வைத்துத்தானே பார்க்க வேண்டும்.

இரண்டும் இடப்பக்கம். தட்டையாய் இருக்கும்வரை ஒரே அச்சில் வெட்டிய இரண்டு தகடும் இரண்டு கதவுக்கும் பொருந்தும், புரட்டி வைத்தால் சரி. மடித்த நிமிடத்திலிருந்து அதற்கு இடம் வலம் வந்துவிடுகிறது. ஒன்றை உறை கீழே வைத்து மடித்தால் மற்றதை உறை மேலே வைத்து மடிக்க வேண்டும். இருபது வருடம் மோட்டார் சுற்றுகிறவன், இடஞ்சுழி வலஞ்சுழி பார்த்துத்தான் வயர் போடுகிறவன். மடித்ததை விரித்துப் பார்க்கலாம் என்று ஒரு மூலையைக் குறட்டால் நிமிர்த்தினேன். டிக்.

அன்றிரவு சாப்பிடும்போது யாரும் காரைப் பற்றிக் கதைக்கவில்லை.

சரி, இடப்பக்கத்தையாவது பூட்டிப் பார்ப்போம் என்று பூட்டினேன். பரந்தன் வரை ஓடிப் பார்த்தேன். தார் ரோட்டில் பிழையில்லை. ஒழுங்கைக்குள் இறங்கியதும் கதவு பேசத் தொடங்கியது. இரண்டாம் கியரில் டமடம, மூன்றாம் கியரில் ஙொய்ங். உள்ளங்கையால் நடுவில் அழுத்தினால் நின்றது, எடுத்தால் திரும்பத் தொடங்கியது. அழுத்தும்போது தகடு டப்பென்று உள்ளே போய் டப்பென்று வெளியே வந்தது, தகர டின்னின் அடி மாதிரி.

பரந்தனில் முன்பு பஸ் பொடி, அதாவது பஸ்ஸின் வெளிக்கூடு, அடித்த அண்ணை ஒருவர் இருக்கிறார். இப்போது கண் மங்கல், வேலை செய்வதில்லை. தகட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்க்கவில்லை. விரல் மொளியால் நடுவில் ஒரு தட்டு, ஓரத்தில் ஒரு தட்டு.

"தம்பி, இது தகடில்லை, மேளம். தட்டையாய் விட்டால் அது அடிக்கத்தான் செய்யும்."

"அண்ணை, பின்னால் ஸ்பொஞ் ஒட்டலாமோ?"

"ஒட்டு. அடுத்த மாரிக்கு அது தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கும். நீ அதுக்கு வரம்பு கட்டு. பஸ் கூரையைப் பார்த்ததில்லையோ? கோடு கோடாய் இருக்குமே, வடிவுக்கோ அது?"

மெசின் இல்லாமல் எப்படி என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு பலகைத் துண்டைக் காட்டினார். முதிரை மரம். நடுவில் விரல் ஓடுகிற அளவுக்கு ஒரு வாய்க்கால் இழைத்திருந்தது. எண்ணெய் ஊறி, சுத்தியல் பட்டு மினுங்கியது. அதன்மேல் தகட்டை வைத்து, முனை மழுங்கிய மரஉளியால் வாய்க்காலின் வழியே தட்டிக்கொண்டு போக வேண்டும். தரவில்லை, இரவலும் இல்லை. "அதைப் போல ஒண்டு செய்" என்றார்.

செய்தேன். பழைய நிலைக்கதவில் மிஞ்சிய முதிரைப் பலகை, தச்சுப்பட்டறையில் 10 மில்லிமீற்றர் அகலம், 4 மில்லிமீற்றர் ஆழம் வாய்க்கால். உளிக்குப் பாலைக் கட்டை. பாலை இரும்புக்கு ஒன்றுவிட்ட தம்பி, முனை அவ்வளவு லேசில் தேயாது. முனையைச் சுண்டுவிரல் நுனி மாதிரி உருட்டிக்கொண்டேன்.

இந்த வேலையில் ருசி இங்கேதான். ஒரே அடியில் ஆழம் எடுக்கப் பார்த்தால் தகடு சுருளும். முதல் ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பள்ளம். அடுத்த ஓட்டத்தில் நகம் பிடிக்கிற பள்ளம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, பிறகு அங்கிருந்து இங்கே. சத்தமே வழிகாட்டி. தகடு வாய்க்காலின் அடியைத் தொடும்வரை ஒலி பொத்தென்று இருக்கும், தொட்டதும் டக்கென்று இறுகும். அங்கே நிறுத்த வேண்டும். ஒரு வரம்புக்கு ஏழெட்டு ஓட்டம் போனது. வரம்பு விளிம்பு வரை ஓடக் கூடாது, இரண்டு அங்குலம் முன்பே கரைந்து முடிய வேண்டும். மூன்று வரம்பு போட்டு, தகட்டைத் தூக்கி நடுவில் மொளியால் தட்டினேன். மேளம் போய்விட்டது. பலாப்பழத்தில் தட்டுகிற மாதிரி ஒரு மந்த ஒலி.

இன்னொன்றும் கண்டேன். வரம்பு எடுக்கத் தகடு தேவை. அதை அது பக்கத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. விளிம்பு மடித்த பிறகு வரம்பு போட்டதால் இடப்பக்கத் தகடு கொஞ்சம் வாழைக்காய் வளைவு வளைந்தது. முழங்காலில் வைத்து நிமிர்த்தியதில் முக்கால்வாசி போனது. வலப்பக்கத்துக்கு முறையை மாற்றினேன்: கடைக்குத் திரும்பப் போய் இன்னொரு துண்டு, கடைக்காரரின் சிரிப்பு, பெரிதாக வெட்டி முதலில் வரம்பு, அதன் பிறகு அச்சை வைத்துச் சரியான அளவுக்கு வெட்டு, கடைசியில் மடிப்பு. மாக்கரால் பெரிதாக "வலம், இந்தப் பக்கம் ஆள்" என்று நீல உறையில் எழுதினேன். மகள் அதற்குக் கீழே ஓர் ஆளையும் வரைந்துவிட்டாள்.

பூட்டுகிற இடத்தில் அவசரப்படக் கூடாது. அலுமினியமும் இரும்பும் நேரே தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரம் இருந்தால் பற்றரி மாதிரி வேலை தொடங்கும், அரிபடுவது அலுமினியம். வெள்ளைப் பூ பூத்து, ஓட்டை ஓட்டையாய்ப் போகும். மீன் கூடை ஏறுகிற பஸ்ஸில் ஆணியைச் சுற்றி அந்தப் பூவைப் பார்க்கலாம். அதனால் தகட்டின் பின்பக்கத்துக்கும் பெயின்ற், விளிம்பு முழுக்க றபர் பீடிங், ஜப்பான் வான்களின் டோர் போட்டுக்குப் போடுகிற நைலோன் கிளிப். கிளிப்பைத் தாங்கச் சின்னச் சின்ன அலுமினியக் காதுகளை மடித்துப் பின்னால் றிவெற் அடித்தேன். முகத்தில் ஒரு ஸ்குறூவும் தெரியாது.

காதுகளின் ஓட்டையைத் தகட்டின் நீளவாக்கில் நீட்டி அரவினேன். உச்சி வெயிலில் பூட்டி நிற்கிற காருக்குள் 60 பாகை வரும். காலையில் 25 என்றால், ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த தகடு முக்கால் மில்லிமீற்றர் நீளும். கதவின் இரும்பும் நீளும், ஆனால் அதில் பாதிதான். மிச்சத்துக்கு இடம் விடாவிட்டால் மத்தியானத்தில் தகடு டப்பென்று புடைக்கும். கதவை இழுக்கிற பிடியைத் தகட்டில் பூட்டவில்லை. ஸ்குறூ தகட்டின் பெரிய ஓட்டையால் போய்க் கதவு இரும்பில் ஏறுகிறது. அப்பா இழுக்கிற இழுவைக்கு இரும்புதான் சரி.

பூட்ட முன்னர், கதவுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு மறைப்பு. உள்ளே தெறிக்கிற தண்ணீர் கதவுக்குள்ளேயே வழிந்து அடி ஓட்டையால் போவதற்கு இது முக்கியம். சாதாரணப் பொலித்தீன் போடலாம், லேசில் கிழியும். அம்மாவின் பெட்டியறையில் மடித்த தறப்பாள் ஒன்று இருந்தது. வெள்ளை, ஓரத்தில் நீல எழுத்து அழிந்த பாதி. அதை எறியவும் விடமாட்டா, விரிக்கவும் விடமாட்டா. என்னத்துக்கு என்று கேட்டா. கதவுக்குள் வைக்க என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கத்தரிக்கோலைத் தானே எடுத்து, எழுத்து இல்லாத பக்கத்தில் இரண்டு துண்டு வெட்டித் தந்தா. மிச்சம் திரும்பப் பெட்டிக்குள் போனது. தறப்பாளின் கீழ் விளிம்பை மட்டும் கதவின் உள்ளே செருகினேன். வெளியே தொங்கினால் தண்ணீரைத் தகட்டில் கொண்டுவந்து ஊற்றும்.

ஒலி அடக்கத்தில் ஒரு பிழை விட்டேன். கூரை ஒழுக்குக்கு ஒட்டுகிற தார்ப் பட்டியைத் தகட்டின் பின்னால் ஒட்டினேன், மலிவு என்று. இரண்டு நாள் வெயிலில் கார் முழுக்க ரோட்டு வேலை வாசம். கழற்றிச் சுரண்டி, மண்ணெண்ணெயால் துடைத்து, வாகனத்துக்கு என்றே விற்கிற பியூற்றைல் றபர் பட்டி வாங்கினேன். முழுக்க ஒட்டத் தேவையில்லை. வரம்புகளுக்கு நடுவில் காற்பங்கு இடத்தை மூடினாலே போதும்.

முகத்துக்கு மேல் பாதி றெக்சின், கீழ்ப் பாதி வெறும் தகடு. முழுதும் வெறும் தகடாக விட்டால் வடிவு என்று தம்பி வெளிநாட்டிலிருந்து படங்கள் அனுப்பினான். அவனுடைய ஊரில் வெயில் எங்கே! இங்கே மத்தியானம் இரண்டு மணிக்கு முழங்கை பட்டால் தோசை. கண்ணிலும் அடிக்கும். கீழ்ப் பாதியை ஒரே திசையில் நைலோன் நாரால் தேய்த்து மங்க வைத்து, மேலே கிளியர் அடித்தேன். றெக்சின் ஒட்டுகிற பகுதிக்கு 320 நம்பர் தேய்ப்புத்தாள் போட்டு, தின்னரால் துடைத்து, உலோகத்தைக் கடித்துப் பிடிக்கிற எட்ச் பிறைமர். அது இல்லாமல் அலுமினியத்தில் எது அடித்தாலும் மீன் செதிள் மாதிரி உரியும்.

போன வெள்ளி முறிகண்டிக்குப் போய் வந்தோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அப்பா ஏறிக் கதவைச் சாத்தினார். டப். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி, திரும்ப ஒருமுறை சாத்திப் பார்த்தார். கச்சான் விற்கிற அக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தா. வலப்பக்கம் நல்லாயிருக்கு, இடப்பக்கம் மூன்றாம் கியரில் இன்னும் கொஞ்சம் முனகுகிறது. வாழைக்காய் வளைவு முழுதாகப் போகவில்லை. அடுத்த மாரிக்கு முன் இன்னொரு தகடு வெட்டலாம் என்று இருக்கிறேன்.

பழுதான இடப்பக்கத் தகட்டைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கலாம் என்று சுவரில் சாத்தி வைத்திருந்தேன். நேற்றுக் காணவில்லை. கோடிப்பக்கம் கிணற்றுக் கட்டில் கிடக்கிறது, மேலே மோர்மிளகாய் காய்கிறது. மோரும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும் என்று சொன்னேன். "கீழே வாழையிலை போட்டிருக்கு, கண் தெரியேல்லையோ?" என்றாள் மனைவி. கண்ணாடிக் கைபிடி ஓட்டையால் மிளகாய் விழாமல் ஒரு சிரட்டை கவிழ்த்து வைத்திருந்தாள். கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.